கணையப் புற்றுக்குக் கீமோ: எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

கடைத்தெருவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்தால் நாம் முதலில் கேட்பது, "எந்த இடத்தில்?" என்பது. அடுத்துக் கேட்பது, "ஆபரேஷன் உண்டா?" என்பது. கணையத்தில் என்றும், ஆபரேஷனுக்கு வழியில்லை, கீமோ மட்டும்தான் என்றும் பதில் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. உச்சுக்கொட்டிவிட்டு அவரவர் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அன்றுதான் கணக்கே தொடங்குகிறது. சிகிச்சை செய்வதா வேண்டாமா, எந்த ஊரில் செய்வது, கிட்டங்கியை விற்கலாமா, சொன்னால் அவர் தாங்குவாரா என்று ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நம் உறுப்பினர்களுக்குக் கொஞ்சம் தெளிவு இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர்தான். நாம் சொல்லக்கூடியது, அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டுமே.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சுமார் ஒரு சாண் நீளத்தில் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நீரையும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் அதுதான் சுரக்கிறது. உள்ளே ஒளிந்திருப்பதால் அங்கே கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படாது. கணையத்தின் தலைப் பகுதியில் வந்தால் பித்தநீர்க் குழாயை அழுத்தி மஞ்சள் காமாலையைக் காட்டும். கண் மஞ்சளாகும், சிறுநீர் தேநீர் டிகாஷன் போல் போகும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். நடுவிலோ வாலிலோ வந்தால் அதுவும் இராது. முதுகுவரை துளைக்கும் வலியும், காரணமில்லாமல் எடை குறைவதும்தான் அடையாளம். ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, கூடவே எடையும் குறைந்தால் அதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நம்மவர்கள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு வலியில்லாத காமாலை வந்தால் முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுவதே நல்லது.

இத்தனை மறைவாக வருவதால்தான் கண்டுபிடிக்கும்போது ஐந்தில் நான்கு பேருக்கு அறுவை சிகிச்சைக்கு நேரம் கடந்துவிடுகிறது. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கும், அல்லது பக்கத்திலுள்ள பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதைத்தான் முற்றிய நிலை என்கிறார்கள்.

ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2003-இல் இந்த நோய் தெரிந்த பின் 2011 வரை இருந்தாரே என்று சிலர் கேட்பதுண்டு. அவருக்கு வந்தது கணையத்திலேயே வேறு வகை, மெதுவாக வளரும் நாளமில்லாச் சுரப்பிக் கட்டி. பெரும்பாலோருக்கு வருவது அதுவல்ல. கோவா முதலமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கருக்கு 2018 பிப்ரவரியில் நோய் தெரிந்தது. மும்பை, அமெரிக்கா, டெல்லி என்று சிகிச்சை பெற்றார். 2019 ஜனவரி இறுதியில் மூக்கில் குழாயோடு சட்டமன்றத்துக்கு வந்து பட்ஜெட் படித்தார். அவ்வாண்டு மார்ச் 17-ஆம் தேதி காலமானார். ஆக, பதவியும் வசதியும் இருந்தவருக்கே பதின்மூன்று மாதம். பணம் போதாமல்தான் ஆளை இழந்தோம் என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்ளும் குடும்பங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மருந்து வந்த வரலாறு

பழைய மருந்து ஃபுளுரோயுராசில். மருத்துவர்கள் ஐந்து-எஃப்.யு. என்பார்கள். 1957-இல் வந்தது. நாற்பது ஆண்டுக் காலம் கணையப் புற்றுக்கு அதை விட்டால் வேறில்லை. 1997-இல் ஜெம்சிடபின் என்ற மருந்தின் ஆய்வு முடிவு வெளியானது. பழைய மருந்தில் 4.41 மாதமாக இருந்த சராசரி ஆயுள் இதில் 5.65 மாதம் ஆனது. கூடியது ஒன்றேகால் மாதம்தான். ஆனால் அந்த ஆய்வில் வலி குறைந்ததா, எடை ஏறியதா, எழுந்து நடமாட முடிந்ததா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய மருந்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கிடைத்த அந்த நிவாரணம் புதியதில் சுமார் 24 பேருக்குக் கிடைத்தது. ஒரு வருடம் தாண்டியவர்கள் 2 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயினர்.

அதன்பின் ஜெம்சிடபினோடு எதையெதையோ சேர்த்துப் பார்த்தும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2011-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 342 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஃபுளுரோயுராசில், லூக்கோவோரின், ஐரினோடீகான், ஆக்ஸாலிபிளாட்டின் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மருந்து அது. பெயர்களின் துண்டுகளை ஒட்டி ஃபோல்ஃபிரினாக்ஸ் என்று அழைக்கிறார்கள். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களுக்கு 6.8 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 11.1 மாதம். ஒரு வருடம் கடந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். 2013-இல் ஜெம்சிடபினோடு நாப்-பேக்லிடாக்சல் சேர்த்த 861 பேர் ஆய்வில் 6.7 மாதம் 8.5 ஆனது. 2023-இல் ஐரினோடீகானைக் கொழுப்பு உறையிட்டுத் தரும் புதிய நால்வர் கூட்டு வந்தது. அதிலும் கிடைத்தது 11.1 மாதம்தான், ஒப்பிடப்பட்ட நாப்-பேக்லிடாக்சல் கூட்டுக்கு 9.2. விலையோ அதிகம். பழைய நால்வர் கூட்டோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. விலை உயர்ந்ததுதான் உசத்தி என்று நினைப்பவர்கள் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேட்கலாம்.

இந்தப் 'பதினோரு மாதம்' என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது காலக்கெடு அல்ல. மருந்து எடுத்த நூறு பேரை, வாழ்ந்த நாட்களின் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் கணக்கு அது. பாதிப் பேர் அதற்குள் போயிருப்பார்கள். பாதிப் பேர் அதைத் தாண்டியிருப்பார்கள். சிலர் இரண்டு வருடமும் தாண்டுவதுண்டு. "டாக்டர் பதினோரு மாதம் தவணை சொல்லிவிட்டார்" என்று வீட்டில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேதனை.

இங்கே ஒரு செய்தி. மூலிகையை விட்டுவிட்டு ஏன் இங்கிலீஷ் மருந்து என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஐரினோடீகானுக்கு மூலப்பொருளான கேம்ப்டோதெசின் மரத்திலிருந்து எடுப்பதுதான். அந்தச் சரக்கு தரும் மரம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வளர்கிறது. பேக்லிடாக்சல் வந்தது யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து. இரண்டையும் கண்டறிந்த அமெரிக்க ஆய்வாளர் இருவரில் ஒருவர் மன்சுக் வாணி, மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். மரப்பட்டையிலிருந்து மருந்தைப் பிரித்து, அளவு கண்டு, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பிறகே கைக்கு வருகிறது. பொட்டலத்தில் பொடியைக் கட்டி 'கணையப் புற்று மூன்று மாதத்தில் கரையும்' என்று விற்பது வேறு. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் அந்தத் துண்டறிக்கைகளை நம் கடைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். வாங்கி வைக்காமலிருப்பது நம் கையில் உள்ளது.

ஆஸ்பத்திரியில் நடப்பது

காமாலை இருந்தால் முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநீர்ப் பாதையில் ஸ்டென்ட் வைப்பார்கள். பிலிருபின் அளவு இறங்கிய பிறகே கீமோ. ஊசியால் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்யாமல் கீமோ தொடங்கக்கூடாது. சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. காமாலையிலேயே அது ஏறும், சிலர் உடம்பில் அது சுரப்பதே இல்லை.

நான்கு மருந்துக் கூட்டு எல்லோருக்கும் ஆகாது. வயது, எழுந்து நடமாடும் தெம்பு, ரத்த அணுக்கள், இருதயம் எல்லாம் பார்த்தே கொடுப்பார்கள். பிரெஞ்சு ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 75 வயதுக்கு உட்பட்டவர்கள், தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டவர்கள். பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில் கிடப்பவருக்கு அதை ஏற்றினால் நோய்க்கு முன் மருந்தே முடித்துவிடும். அவர்களுக்கு ஜெம்சிடபின் மட்டும் போதும் என்றோ, மருந்தே வேண்டாம் என்றோ மருத்துவர் சொன்னால் அது பணம் பார்த்துச் சொல்வதல்ல.

நெஞ்சுத் தோலுக்கு அடியில் 'போர்ட்' என்ற சிறு டப்பா வைத்து அதன் வழியாக மருந்து ஏற்றுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்தில் 12 தடவை என்பது திட்டம். திங்கட்கிழமை போனால் மூன்று மருந்துகளை ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டு, நான்காவதை ஒரு சிறிய பம்பில் மாட்டி அனுப்புவார்கள். இடுப்புப் பையில் அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். 46 மணி நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். புதன்கிழமை போய்க் கழற்ற வேண்டும். உயரம், எடை இரண்டையும் வைத்து மருந்தின் அளவு போடுவதால் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள்.

பக்க விளைவுகளில் நம் தொழிலுக்கு இடைஞ்சலானது ஆக்ஸாலிபிளாட்டின் தரும் விரல் மரமரப்பு. மருந்து ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ந்த எதையும் தொட முடியாது. ஃபிரிட்ஜில் கைவிட்டால் ஷாக் அடித்தது போல் இருக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கும். சுற்றுகள் கூடக் கூட விரல் நுனி மரத்து, நோட்டு எண்ணுவதும் சட்டைப் பித்தான் போடுவதும் சிரமமாகும். ஐரினோடீகானால் வயிற்றுப்போக்கு வரும். மாத்திரையைக் கையில் வைத்திருந்து உடனே போட வேண்டும். வாய்ப்புண் வரும். காரத்தை ஒதுக்கி மோர் சாதம், இட்லி, பருப்புச் சாதம் என்று போக வேண்டியதுதான். கணையநீர் குறைவதால் சாப்பிட்டது செரிக்காமல் எண்ணெய் மிதக்கும் மலமாகப் போகும். அதற்குக் கணையநொதி மாத்திரை இருக்கிறது. சாப்பிடத் தொடங்கும்போதே போட வேண்டும், சாப்பிட்டு முடித்துப் போட்டால் பயன் குறைவு. எடை குறைவதற்குப் பல நேரங்களில் இந்த மாத்திரை இல்லாததே காரணம். கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காய்ச்சல். கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், நடுச்சாமமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்கவைக்கக் கூடாது.

இவ்வளவு கடுமையான மருந்து தேவையா என்றால், அதே பிரெஞ்சு ஆய்வில் ஆறு மாத முடிவில் அன்றாட வாழ்க்கை மோசமாகிப்போனவர்கள் ஜெம்சிடபின் பக்கம் 66 சதவீதம், நான்கு மருந்துப் பக்கம் 31 சதவீதம்தான். மருந்தின் தொல்லையைவிட நோயின் தொல்லை பெரிது என்று அர்த்தம். தாங்கும் உடம்பு இருந்தால் கொடுப்பதே முறை என்பதே நம் கருத்தும்.

ஒரு பருப்பு மண்டிக்காரர் கதை

நம் கடைத்தெருவில் பருப்பு மண்டி நடத்திய நண்பர் ஒருவருக்கு ஆடி மாதத்தில் காமாலை. அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. ஈரலிலும் புள்ளிகள் தெரிந்தன. மகன்கள் இருவரும் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்து, குடல்புண் என்று கூறிவைத்தார்கள். பாசத்தால் செய்ததுதான். ஆனால் நம் வியாபாரத்தின் இயல்பை யோசிக்க வேண்டும். பேரேட்டில் இருக்கும் பாக்கி வேறு, முதலாளியின் மனதில் இருக்கும் பாக்கி வேறு. எந்த ஊர்ச் சில்லறைக் கடைக்காரருக்கு வாய்ச் சொல்லில் சரக்குப் போனது, யாருக்குக் கைமாற்று, எந்த ஆலைக்காரருக்கு முன்பணம் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கீமோ மருத்துவர் முதல் நாளே மகன்களிடம் சொல்லிவிட்டார்: "உங்க அப்பாகிட்ட சொல்லாம நான் இந்த மருந்தை ஏத்த மாட்டேன். அவர் உடம்பு, அவர் கையெழுத்து." பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, வைகாசி வரைக்கும் கணக்குப் பார்க்கத் தெம்பு இருக்குமா?" வைகாசியில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "உறுதி சொல்ல முடியாது, முயற்சி பண்ணலாம்" என்றார் மருத்துவர்.

ஆவணியில் நால்வர் கூட்டு தொடங்கியது. இரண்டு மாத ஸ்கேனில் புள்ளிகள் சுருங்கியிருந்தன. பம்பைக் கழற்றிய மூன்றாம் நாள் மண்டிக்கு வந்து இரண்டு மணி நேரம் உட்காருவார். ஒன்பதாவது சுற்றுக்குப் பின் விரல் மரத்ததால் ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்தினார்கள். நோட்டு எண்ண மெஷின் வாங்கினார்கள். அந்த மாதங்களில் அவர் ஊர் ஊராகப் போன் போட்டு, "அண்ணாச்சி, நம்ம சிட்டை ஒருதடவை ஒத்துப் பார்த்துக்கிடுவோமா?" என்று கேட்டு எல்லாப் பாக்கியையும் மகன் கையால் எழுத வைத்தார். பாதிக்கு மேல் வசூலானது.

ஜி.எஸ்.டி. விஷயத்தையும் அப்போதுதான் முடித்தார்கள். தனி உரிமையாளர் பெயரிலுள்ள பதிவு மகனுக்குத் தானாக வராது. மகன் தன் பான் எண்ணில் புதிதாகப் பதிவு எடுத்து, கையிலுள்ள உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். தந்தை இருக்கும்போதே கையெழுத்துப் போட்டு மாற்றுவதும், போன பின் வாரிசுச் சான்றிதழோடு அலைவதும் ஒன்றல்ல.

வைகாசிக் கல்யாணத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோரையும் வரவேற்றார். ஆனியில் புள்ளிகள் மீண்டும் பெருகின. இரண்டாம் வரிசை மருந்து பற்றி மருத்துவர் விளக்கியபோது வேண்டாம் என்றார். அடுத்த ஆடியின் கடைசியில் வீட்டில் காலமானார்.

செலவுக் கணக்கு

நாம் மொத்த வியாபாரிகள். எம்.ஆர்.பி. என்பது என்ன, அதற்குள் எத்தனை கை இருக்கிறது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புற்றுநோய் மருந்திலும் அப்படித்தான். 2019 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபத்தை 30 சதவீதத்துக்குள் கட்டியது. சில பிராண்டுகளின் எம்.ஆர்.பி. 87 சதவீதம் வரை இறங்கியது. அதற்கு முன் எவ்வளவு ஏற்றி எழுதியிருந்தார்கள் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, பல மருத்துவமனைகளின் தேவையை ஒன்றாகத் திரட்டி 40 மருந்துகளுக்கு மொத்தக் கொள்முதல் செய்தது. மிச்சமானது சுமார் 1,320 கோடி ரூபாய் என்று 2023-இல் கணக்கு வெளியிட்டார்கள். நாம் பத்துக் கடை சேர்ந்து லோடு இறக்குகிற அதே முறைதான்.

ஆகவே, ஜெம்சிடபினோ ஆக்ஸாலிபிளாட்டினோ எந்தக் கம்பெனி, ஜெனரிக் இருக்கிறதா, ஒரு சுற்றுக்கு மருந்து எவ்வளவு, படுக்கை எவ்வளவு, பரிசோதனை எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நால்வர் கூட்டின் மருந்துகள் எல்லாம் காப்புரிமை தீர்ந்த பழைய மருந்துகளே. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் ஒருமுறை கருத்துக் கேட்டுவிட்டு, கீமோவைப் பக்கத்து ஊரிலேயே ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெடும்பயணம் நோயாளிக்கு ஆகாது. போகவேண்டி வந்தால், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள சிறு கடைக்காரர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இன்றே எடுத்து வையுங்கள். மற்றவர்கள் தனியார் பாலிசியை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் இப்போது சாக்குச் சொல்லவும் இடமில்லை.

இன்னொரு பரிசோதனையும் உண்டு. பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. நூற்றில் ஐந்தாறு பேருக்கு இருக்கும். இருந்தால் பிளாட்டினம் கலந்த மருந்து நன்றாக வேலை செய்யும், பிள்ளைகளும் எச்சரிக்கையாக இருக்கலாம். புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நம் கடைகளில் எது எந்த வரிசையில் அடுக்கியிருக்கிறது என்பது அவரவருக்குத் தெரியும்.

கடைசியாக வலி. கீமோ நின்ற பிறகு செய்ய ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கணையத்துக்குப் பின்னாலுள்ள நரம்புக் கற்றையில் ஊசி போட்டு முதுகுவலியைத் தணிக்கலாம். மார்ஃபின் மாத்திரை தரலாம். உலகத்துக்கே அபின் விளைவித்துக் கொடுத்த நம் நாட்டில், நம் நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காத நிலை வெகுகாலம் இருந்தது. ஏகப்பட்ட லைசென்ஸ். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எளிதாக வைத்திருக்க வழி செய்தார்கள். வலி நிவாரணப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரி எது என்று கீமோ தொடங்கும்போதே விசாரித்து வையுங்கள். நம் பருப்பு மண்டி நண்பர் கடைசி ஐந்து வாரமும் அந்த மாத்திரையில்தான் இருந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. இரவில் தூங்கினார், காலையில் அன்றைய துவரம்பருப்பு விலையைக் கேட்டார்.